முட்டைப் புரதம் துளியின் மேற்பரப்பில் படிவதை வீட்டிலேயே அளத்தல்

நீர் காற்றையோ எண்ணெயையோ உயிர்க்கலத்தின் மெல்லிய உறையான கலமென்சவ்வையோ தொடும் எல்லை எங்கே கிடைத்தாலும் அங்கே போய்ப் படிவது புரதங்களின் இயல்பு. மட்டக்களப்பில் என்னிடம் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கண்முன் காட்ட விரும்பி, துளியின் எடையிலிருந்து மேற்பரப்பிழுவையைக் கணிக்கும் பழைய முறையை வீட்டு மேசையில் செய்து பார்த்தேன். மேற்பரப்பிழுவை என்பது நீரின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் இழுவை; துளியை நுனியில் தாங்குவது அதுதான். புரதம் படிந்தால் அது குறையும், துளியும் எடை குறைவாக இருக்கும்போதே விழுந்துவிடும்.

மருந்தகத்தில் ஒரு சேலைன் போத்தலும் சேலைன் ஏற்றும் குழாயும் வாங்குங்கள். சிரிஞ்சை விட இந்தக் குழாயே எனக்குப் பிடித்தது; ஓட்டத்தைக் குறைக்கும் சிறு சக்கரம் அதில் இருக்கிறது. 0.01 கிராம் வரை காட்டும் தராசும் தேவை.

200 மில்லிலீற்றர் சேலைனில் 1 மில்லிலீற்றர் வெண்கருவை நுரைக்காமல் கலக்கித் துணியில் வடித்துக்கொள்ளுங்கள். கரைசலை உயரமான இடத்தில் வைத்துக் குழாயை நிரப்பி, நுனியை நேர் கீழாகக் கட்டி, முதற் பத்துத் துளிகளை விட்டுவிட்டு அடுத்த 20 துளிகளை நிறுங்கள். இதற்கு முன்பே, புரதம் கலக்காத சேலைனை அதே குழாயில், அதே வேகத்தில் விட்டு எடை பார்த்திருக்க வேண்டும்.

நான் தடுமாறியது இந்த வேகத்தில்தான். முதல் நாள் நொடிக்கு இரண்டு துளியாக விட்டேன். வெண்கருத் துளியின் எடை சேலைன் துளியின் எடையை ஒட்டியே இருந்ததால், கரைசல் கெட்டுவிட்டதென்று இரண்டு முட்டைகளை வீணாக்கினேன். உண்மையில், நுனியில் ஒவ்வொரு துளியும் புத்தம் புதிய மேற்பரப்புடன் பிறக்கிறது. கரைசலில் இருக்கும் புரதம் பரவி வந்து அதில் ஒட்டி, மடிப்புத் தளர்ந்து, உள்ளே மறைத்து வைத்திருந்த நீர்வெறுப்புப் பகுதிகளைக் காற்றின் பக்கம் திருப்புவதற்கு நேரம் வேண்டும். சக்கரத்தை இறுக்கி 30 நொடிக்கு ஒரு துளியாக விட்டபோது, துளி முழுதாகத் தொங்குமுன்பே கழன்று விழுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. சக்கரம் தானாகவே தளரும் என்பதால் ஐந்து துளிக்கு ஒரு தடவை நேரத்தைச் சரிபாருங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள், காற்று துளியை உலுக்கும்.

30 பாகை செல்சியசில் நீரின் மேற்பரப்பிழுவை மீற்றருக்கு ஏறத்தாழ 71 மில்லிநியூற்றன். சேலைனுக்கும் அதையே கொள்ளலாம். சேலைனின் 20 துளி 1.10 கிராமும் புரதக் கரைசலின் 20 துளி 0.85 கிராமும் என்று கொண்டால், 71 × 0.85 ÷ 1.10, அதாவது புரதக் கரைசலின் மேற்பரப்பிழுவை மீற்றருக்கு ஏறத்தாழ 55 மில்லிநியூற்றன். துளியின் ஒரு பகுதி நுனியிலேயே தங்கிவிடுவதால் தனி எடையை நம்பாமல் இப்படி ஒப்பிடுகிறோம்.

பிற்சேர்க்கை: கல்முனையிலிருந்து ஒரு வாசகி, பற்றரிக்கு ஊற்றும் வடிநீரில் வெண்கருவைக் கலந்தபோது வெள்ளை இழைகள் திரண்டதாக எழுதியிருந்தார். வெண்கருவின் சில புரதங்கள் உப்பில்லாத நீரில் கரைந்து நிற்கமாட்டா, சேலைனையே பயன்படுத்துங்கள். இன்னொருவரின் அளவு வேகத்தோடு மாறவே இல்லை. குவளையில் சவர்க்காரம் எஞ்சியிருந்தது. சவர்க்கார மூலக்கூறு சிறியது, புரதத்தை முந்திக்கொண்டு மேற்பரப்பைப் பிடித்துவிடும்.

கலமென்சவ்வில் காற்றின் இடத்தில் இலிப்பிட்டு எனப்படும் கொழுப்பு மூலக்கூறுகளின் அடுக்கு இருக்கிறது. தேனீ நஞ்சிலுள்ள மெலிற்றின், 26 அமினோவமிலங்கள் கொண்ட பெப்தைட்டு, அதாவது புரதம் போன்ற ஒரு குறுஞ்சங்கிலி. ஐதான நீர்க்கரைசலில் ஒழுங்கான வடிவமின்றிக் கிடக்கும் அது, மென்சவ்வைத் தொட்டதும் சுருளியாகி, நீர்வெறுப்புப் பக்கத்தை இலிப்பிட்டுக்குள் புதைத்து, போதிய அளவு சேர்ந்ததும் செங்குருதிக் கலத்தை உடைக்கிறது. இலிப்பிட்டின் தலைப்பகுதிகள் மின்னேற்றம் கொண்டிருப்பதால் மென்சவ்வில் மின்கவர்ச்சியும் சேர்ந்து வேலை செய்யும். அந்தப் பகுதியை இந்தத் துளி காட்டாது.