கோப்புறை உங்களுடையது, கோப்பு யாருடையது?

புதிதாக ஆய்வில் சேருபவர்களும் அவர்களுடைய நெறியாளர்களும் இணையத்தில் சேர்ந்து எழுதும்போது ஆண்டுதோறும் அதே தவறுகளைச் செய்கிறார்கள். கடவுச்சொல், வைரஸ் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

உரிமையாளர் யார் என்று பார்க்காதது

நெறியாளர் கூகுள் டிரைவில் ஒரு கோப்புறையைத் திறந்து மாணவர்களோடு பகிர்கிறார். தன் கோப்புறை என்பதால் உள்ளே இருப்பதெல்லாம் தன் கையில் இருக்கிறது என்று நம்புகிறார். ஆனால் அதற்குள் மாணவர் உருவாக்கும் ஒவ்வொரு கோப்பும் மாணவரின் கணக்குக்கே சொந்தம். படிப்பு முடிந்து பல்கலைக்கழகம் அந்தக் கணக்கை நீக்கும்போது கோப்புகளை வேறொருவர் பெயருக்கு மாற்றாவிட்டால், குழுவில் ஒருவருக்கும் அவை கிடைக்காது. நீக்கிய கணக்கை நிர்வாகி மீட்டெடுக்க 20 நாள்தான் அவகாசம். கல்வி நிறுவனங்களுக்கு கூகுள் தந்துவந்த வரம்பற்ற இடம் 2022-இல் முடிந்து, நிறுவனம் முழுவதற்கும் 100 டெராபைட் என்றானது. அதன்பின் பழைய கணக்குகளை விட்டுவைக்கப் பல நிர்வாகங்களுக்கு மனமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குழு, கள ஆய்வு நேர்காணல்களின் எழுத்துப்படிகளை இப்படித்தான் இழந்தது. கட்டுரையை மதிப்பிட்டவர் மூலத் தரவைக் கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. ஒலிப்பதிவுகள் மிஞ்சியதால் முதலிலிருந்து கேட்டு எழுதினார்கள். பழியெல்லாம் பட்டம் பெற்றுப் போன மாணவியின் தலையில் விழுந்தது. அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கணக்கை மூடுவதாக அவருக்கு வந்த கடிதத்தில் கோப்புகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நிறுவனக் கணக்கு இருந்தால் ‘ஷேர்டு டிரைவ்’ கேட்டு வாங்குங்கள். அங்கே கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தம். ஆள் போனாலும் கோப்பு இருக்கும். தனிப்பட்ட ஜிமெயில் கணக்கில் இந்த வசதி கிடையாது. கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். பல்கலைக்கழகக் கணக்கிலுள்ள கோப்பின் உரிமையை வெளிக் கணக்குக்கு மாற்ற முடியாது, நகல்தான் எடுக்கலாம். நகலில் பழைய திருத்த வரலாறு வராது. யார் எந்தப் பகுதியை எழுதினார் என்று தகராறு வந்தால் எடுத்துக் காட்ட இருப்பது அந்த வரலாறு ஒன்றுதான்.

இப்போதே கோப்புறையைத் திறந்து ‘உரிமையாளர்’ என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அடுத்த ஆண்டு வெளியேறப்போகும் ஒருவரின் பெயர் அங்கே எத்தனை வரிகளில் இருக்கிறது?

இரண்டு நூலகங்களிலிருந்து மேற்கோள்

கட்டுரை விவரங்களைச் சேர்த்துவைத்து மேற்கோள் காட்ட உதவும் மென்பொருளான ஜோட்டெரோவில் சொந்த நூலகம் வேறு, குழு நூலகம் வேறு. ஒரே கட்டுரையை ஒருவர் இதிலிருந்தும் இன்னொருவர் அதிலிருந்தும் மேற்கோள் காட்டினால், துணைநூற்பட்டியலில் அது இரண்டு முறை வந்து நிற்கும். கூட்டுக் கட்டுரைக்குக் குழு நூலகம் மட்டுமே. அதில் ஏற்றும் பிடிஎஃப்கள் குழு உரிமையாளரின் இடத்தில்தான் சேரும். இலவசமாகக் கிடைப்பது 300 மெகாபைட்.

தரவிறக்கித் திருத்துவது

ஒருவர் வேர்டில் தனியாகத் திருத்தத் தொடங்கிய அன்றே கட்டுரை இரண்டாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் முடிவெடுப்பது

பேசுங்கள், முடிவை மட்டும் ஆவணத்தில், அந்த வரிக்கு அருகிலேயே கருத்தாகப் பதிந்துவிடுங்கள்.