ஹேங் கிளைடர் பறக்கிற மலைப் பக்கம் செஸ்னா ஓட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

கலிஃபோர்னியால பைலட் லைசென்ஸுக்குப் படிக்கிற நம்ம பசங்க சிலர் எங்கிட்ட கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. சார்ட்ல, அதாவது பைலட் பார்க்கிற வான்வழி மேப்ல, குட்டியா ஒரு ஹேங் கிளைடர் (இன்ஜின் இல்லாம, இறக்கைக்குக் கீழ ஆள் தொங்கிட்டுப் பறக்கிறது) படம் போட்டிருக்கே, நம்ம செஸ்னா மாதிரி குட்டி இன்ஜின் விமானத்துல அங்க போகக்கூடாதா? போகலாம், தடை எதுவும் இல்ல. அந்த "தடை இல்ல"ங்கிற எண்ணத்துலதான் பாதி தப்பு ஆரம்பிக்குது, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

அந்தப் படம் ஒரு இடத்தைத்தான் காட்டுது, எல்லை எதையும் காட்டல. படத்துல இருந்து ரெண்டு மைல் தள்ளிட்டோம், இனி கவலை இல்லன்னு நினைக்காதீங்க. தெர்மல்னு சொல்ற சூடான காத்து கிடைச்சுதுன்னா ஹேங் கிளைடர் பல மணி நேரம் பறக்கும், 2012ல டெக்சாஸ்ல சபாட்டாங்கிற ஊர்ல இருந்து கிளம்பின ஒருத்தர் இன்ஜினே இல்லாம 764 கிலோமீட்டர் போயிருக்கார். அப்படின்னா படமே போடாத இடத்துலயும் நல்ல வெயில் நாள்ல ஒருத்தர் மேல இருக்கலாம்.

அடுத்தது எல்லாரும் செய்யற தப்பு, "வந்தா தெரியாமலா போயிடும்"னு நம்புறது. தெரியாது. கணக்கு போட்டுப் பாருங்க. செஸ்னா 172 மணிக்கு சுமார் 220 கிலோமீட்டர்ல போகுது, எதிர்ல ஒரு ஹேங் கிளைடர் 40ல வருதுன்னு வச்சுக்குவோம், ரெண்டும் நெருங்குற வேகம் 260, அதாவது ஒரு செகண்டுக்கு 72 மீட்டர். எதிர்ல இருக்கிறதைப் பார்த்து, அது என்னன்னு புரிஞ்சு, மோதப் போகுதுன்னு உணர்ந்து, முடிவெடுத்து, கன்ட்ரோலைத் திருப்பி, விமானம் நிஜமா திரும்புறதுக்கு மொத்தம் 12.5 செகண்ட் ஆகும்னு அமெரிக்க விமானத்துறை எஃப்ஏஏ கணக்கு சொல்லுது. அந்த 12.5 செகண்டுக்கு முன்னாடி அது உங்ககிட்ட இருந்து 900 மீட்டர் தூரத்துல இருக்கும். 10 மீட்டர் இறக்கை 900 மீட்டர்ல எவ்ளோ பெருசா தெரியும்? கையை நேரா நீட்டி ரெண்டு விரல் நடுவுல ஒரு அரிசியைப் படுக்க வச்சுப் பிடிங்க, அந்த நீளம்தான். தடிமன் அரிசி அளவு கூட கிடையாது, நேரா வரும்போது இறக்கை ஒரு முடி மாதிரிதான் தெரியும், அதுவும் பின்னாடி பழுப்பு மலையும் வெயில் புழுதியும் இருந்தா சுத்தமா கரைஞ்சு போயிடும். இன்னொண்ணு, கண் அசையற பொருளைத்தான் சட்டுனு பிடிக்கும், ஆனா மோதப் போற பொருள் கண்ணாடில அசையவே அசையாது. ஒரே இடத்துல நின்னுக்கிட்டு மெல்ல பெருசாகும், கடைசி ரெண்டு மூணு செகண்ட்லதான் திடீர்னு விரியும்.

2021 டிசம்பர் 21ல டெக்சாஸ்ல ஹூஸ்டனுக்கு மேற்கே ஃபுல்ஷியர் பக்கம் ஒரு செஸ்னா கேரவன் சரக்கு விமானமும் ஒரு பவர்டு பாராகிளைடரும் காலை வெளிச்சத்துலயே மோதிக்கிச்சு, ரெண்டு பேருமே இறந்துட்டாங்க. அது ஹேங் கிளைடர் இல்ல, துணி விதானத்துல தொங்கிட்டு முதுகுல இன்ஜின் கட்டிப் பறக்கிறது. ஆனா பிரச்சினை அச்சு அசல் இதேதான், அதை நினைச்சாலே எனக்கு மனசு கனக்கும்.

அதுக்காக வெளிய பார்க்காம இருக்காதீங்க, பார்க்கிற முறையை மாத்துங்க. வானத்தை மொத்தமா ஒரு வீச்சுல தடவிட்டுப் போனா கண்ணுல எதுவும் நிக்காது. பத்து டிகிரி நகர்த்தி ஒரு செகண்டாவது நிறுத்தி, மறுபடி பத்து டிகிரி, இப்படித்தான் பார்க்கணும். நடுவுல தூரத்து மலை முகட்டை ஒரு தடவை பாருங்க, ஏன்னா வெறும் வானத்தையே பார்த்துட்டு இருந்தா கண்ணு தன்னால பக்கத்துல ஃபோகஸ் ஆகி நின்னுடும்.

இப்ப டேப்லெட் விஷயத்துக்கு வரேன். ஏடிஎஸ்-பி, அதாவது ஒவ்வொரு விமானமும் தான் இருக்கிற இடத்தைத் தானே ரேடியோல சொல்ற ஏற்பாடு, வந்ததுக்கு அப்புறம் அதைக் காட்டுற டேப்லெட் ஸ்கிரீன் காலியா இருந்தா வானமும் காலின்னு நினைக்கிற பழக்கம் வந்துடுச்சு. ஹேங் கிளைடருக்கு டிரான்ஸ்பாண்டரும் (ரேடார் கேட்டா பதில் சொல்ற கருவி) கட்டாயம் இல்ல, ஏடிஎஸ்-பியும் கட்டாயம் இல்ல. சிலர் ஃப்ளார்ம்னு கிளைடர்காரங்க வச்சுக்கிற மோதல் எச்சரிக்கைக் கருவி வச்சிருப்பாங்க, அதைப் பிடிக்கிற கருவி உங்க விமானத்துல இருந்தாதான் அதனால பிரயோஜனம். ரேடியோவும் அப்படித்தான், "கிளைடர் டிராஃபிக், செஸ்னா வருது"ன்னு நீங்க சொல்றது அவங்க காதுக்குப் போகும்னு எந்த உத்தரவாதமும் இல்ல, நிறைய பேர் தங்களுக்குள்ள பேசிக்க வேற அலைவரிசைலதான் ரேடியோ வச்சிருப்பாங்க.

யார் யாருக்கு வழி விடணும்ங்கிறதுலயும் ஒரு குழப்பம். கிளைடருக்கு இன்ஜின் விமானம் வழி விடணும்னு படிச்சிருப்பீங்க, அது சரிதான். ஆனா அமெரிக்காவுல ஹேங் கிளைடர் சட்டப்படி கிளைடர் கணக்குல வராது, பார்ட் 103ங்கிற விதிப்படி அது அல்ட்ராலைட், அதாவது ரொம்ப லேசான பறக்கும் வாகனம், எல்லா விமானத்துக்கும் அதுதான் வழி விடணும். பிரிட்டன்ல கதை வேற, அங்க அதையும் கிளைடராத்தான் எடுத்துக்குவாங்க, இன்ஜின் வச்சவர்தான் ஒதுங்கணும். சரி, அமெரிக்காவுல அவர்தானே ஒதுங்கணும்னு நீங்க நேரா போனீங்கன்னா? அவர் குப்புறப் படுத்துத் தொங்கறாரு, தலைக்கு மேல முழுக்க இறக்கை, மேலயும் பின்னாடியும் எதுவும் தெரியாது. தெரிஞ்சாலும் 40 கிலோமீட்டர் வேகத்துல எங்க ஒதுங்க முடியும்? சட்டம் உங்க பக்கம் இருந்தாலும் ஒதுங்குற சக்தி உங்ககிட்டதான் இருக்கு, நீங்கதான் ஒதுங்கணும். இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

இன்னும் பெரிய தப்பு, மலை முகட்டை ஒட்டிப் பறக்கிறது. தரைல இருந்து 500 அடி விட்டாச்சு, சட்டப்படி சரிதானேம்பாங்க. சட்டப்படி சரியா இருக்கலாம், ஆனா முகட்டுக்கு மேல அந்த சில நூறு அடிதான் காத்து மலைல மோதி மேல எழும்புற இடம், ஹேங் கிளைடர் காலைல இருந்து சாயங்காலம் வரை குடியிருக்கிற இடமே அதுதான். மதியத்துக்கு மேல பஞ்சு மேகம் வரிசையா நின்னா அதோட அடிப்பக்கமும் அப்படித்தான், தெர்மல் பிடிச்சவங்க அஞ்சாறு பேரு ஒண்ணாச் சுத்திட்டு இருப்பாங்க.

நான் ஒரு தடவை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்க, சில்மர் ஊருக்கு மேல இருக்கிற கேகல் மலைப் பக்கம் போயிட்டு இருந்தேன். அங்க சுமார் 3,500 அடில இருந்து ஹேங் கிளைடர் குதிப்பாங்க, வைட்மன் ஏர்போர்ட் அங்கிருந்து சில மைல்தான். நான் குனிஞ்சு டேப்லெட்ல ரூட்டை மாத்திட்டு இருக்கேன், பக்கத்துல இருந்த இன்ஸ்ட்ரக்டர் சத்தம் கூட போடல, "ரெண்டு மணி பக்கம், நம்ம உயரம்"னு (கடிகார முள் மாதிரி, அதாவது வலது முன்பக்கம்) சொல்லிட்டு அவரே இடது பக்கம் திருப்பிட்டார். நிமிர்ந்து பார்க்கிறேன், எதுவும் இல்ல. மூணு செகண்ட் கழிச்சு அது திரும்பி இறக்கை சாஞ்சதும் ஒரு மஞ்சள் முக்கோணம் பளிச்சுனு தெரிஞ்சுது, கீழ படுத்திருக்கிற ஆளோட ஹெல்மெட் கூடத் தெரிஞ்சுது. மறுபடி திரும்பினதும் காணாம போச்சு. அதுக்கு ஒரு சுத்து சுமார் 20 செகண்ட், அதுல சில செகண்ட்தான் நம்ம கண்ணுக்கு சிக்குது. "ஒண்ணைப் பார்த்துட்டேல்ல, இப்ப ரெண்டாவதைத் தேடு"ன்னார் அவர். தேடினா நிஜமாவே ரெண்டாவது இருந்துது, எங்களுக்குக் கொஞ்சம் மேல.

ஒண்ணைப் பார்த்ததும் அதையே வேடிக்கை பார்க்காதீங்க. கிட்ட போய் போட்டோ எடுக்கிறது, இறக்கையை ஆட்டி ஹலோ சொல்றது எல்லாம் வேண்டவே வேண்டாம். அவர் உடம்பை அசைச்சுத்தான் அந்த இறக்கையைத் திருப்புறாரு, உங்க விமானம் விட்டுட்டுப் போற சுழல்காத்து அதைக் கவுத்துடக்கூட முடியும், நேரா மேலயோ முன்னாடியோ குறுக்க போகாதீங்க. மலைக்கும் அவருக்கும் நடுவுல நுழையாதீங்க, பள்ளத்தாக்குப் பக்கமா நல்லா சுத்திப் போங்க. ஹேங் கிளைடர் மைதானத்துக்கு மேல தாழப் போகவும் கூடாது. டக்னு சொல்ற குட்டி இழுவை விமானம் 200, 250 அடிக் கயிறுல ஒரு ஹேங் கிளைடரை இழுத்துட்டு ஏறும், கயிறு உங்க கண்ணுக்குத் தெரியாது.

ஹேங் கிளைடர்ல பறக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஏர்போர்ட்ல விமானம் இறங்குற நேர்க்கோட்டுல தெர்மல் நல்லா இருக்குன்னு சுத்தாதீங்க. புதுசா இறக்கை வாங்கினா வெள்ளையை விட்டுட்டு அடிப்பக்கம் அழுத்தமான கலர் எடுங்க. போட்டி நடத்தினா நோட்டாம், அதாவது பைலட்டுகளுக்கான அறிவிப்பு, போட வைங்க, அதைப் படிச்சுட்டு எங்கள்ல நிறைய பேர் வழியையே மாத்திக்குவோம்.

நான் இப்ப சனி ஞாயிறு மதியம் அந்த வழியா போறதா இருந்தா மலையை விட்டு தள்ளி, முகட்டுக்கு மேல குறைஞ்சது ரெண்டாயிரம் அடி விட்டு, லேண்டிங் லைட்டைப் போட்டுக்கிட்டுத்தான் போறேன். கிளம்புறதுக்கு முன்னாடி அங்க பறக்கிற ஒருத்தருக்கு போன் போட்டு இன்னைக்கு எத்தனை பேரு மேல இருக்காங்க, எவ்ளோ உயரம் போறாங்கன்னு கேட்டுக்குவேன். ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.