வெள்ளி 00:30 என்றால் எந்த இரவு? பையைத் தோளில் மாட்டியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பிராக் நகரின் ஃப்ளோரென்ஸ் பேருந்து நிலையம். நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம் ஆகியிருந்தது. நண்பர் ஒருவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு பேருந்தின் கதவருகே பெரிய பைகளோடு மூன்று இளைஞர்கள் நின்றார்கள். ஓட்டுநர் அவர்களுடைய கைபேசியைப் பார்த்தார், தலையை ஆட்டினார், திருப்பிக் கொடுத்தார். டிக்கெட் சரியானதுதான் என்று அவர்களில் ஒரு பெண் மீண்டும் மீண்டும் சொன்னார். என்ன நடந்திருக்கும் என்பது அருகில் போகாமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்களுடைய பேருந்து முந்தைய இரவே போய்விட்டது. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு புடாபெஸ்டில் நானும் இப்படித்தான் நின்றேன்.

அந்த இரவுதான் இதை எழுத வைத்தது. பாஸ்போர்ட் நகல், பயணக் காப்பீடு, பணத்தை ஒரே பையில் வைக்காதிருத்தல் போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கதவு மூடியிருக்கும் நாளில் போய் நிற்பது

பாரிசில் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை. இரண்டு நாள் மட்டுமே பாரிசில் தங்குகிறவருக்கு இந்தச் சிறிய விவரம் பயணத்தையே மாற்றிவிடும். வத்திக்கான் அருங்காட்சியகங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பதில்லை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. அன்று அனுமதி இலவசம் என்பதால் வரிசை மதிலைச் சுற்றி வளைந்து நிற்கும்.

இதைவிடக் கடினமானது முன்பதிவு. மிலானில் லியோனார்டோவின் ‘கடைசி விருந்து’ ஓவியத்தைப் பார்க்கச் சிறு சிறு குழுக்களாகத்தான் உள்ளே விடுவார்கள், அதுவும் பதினைந்து நிமிடங்களுக்கு. கிரனாடாவின் அல்ஹம்ப்ராவில் நஸ்ரிட் அரண்மனைகளுக்குள் நுழைய டிக்கெட்டில் ஒரு குறிப்பிட்ட நேரம் இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு வாசலில் டிக்கெட் கிடையாது, இணையத்தில் மட்டும்தான். “முதலில் ஊருக்குப் போவோம், பிறகு பார்த்துக்கொள்வோம்” என்ற சுதந்திரம் எனக்கும் பிடித்ததுதான். ஆனால் எந்த இடத்துக்காக அந்த ஊரையே தேர்ந்தெடுத்தீர்களோ, அந்த ஒன்றுக்காவது முதலில் நேரத்தைப் பிடித்துவிட்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

பாங்காக் அரண்மனை வாசலில் “இன்று மூடியிருக்கிறது, வேறு கோயிலைக் காட்டுகிறேன்” என்று ஒருவர் அன்போடு சொன்னால், நேராக நுழைவாயில் வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள்.

டிக்கெட் வாங்கியதோடு முடிந்தது என்று நினைப்பது

முடியவில்லை. பிராகிலும் புடாபெஸ்டிலும் காகித டிக்கெட்டை இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் டிக்கெட் இல்லாததற்குச் சமம், அபராதம் உண்டு.

நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்தை முந்தைய நாளோடு சேர்த்துப் படிப்பது

இதைப் பற்றி நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

புடாபெஸ்டிலிருந்து போலந்தின் கிராகோ நகருக்கு இரவுப் பேருந்தில் டிக்கெட் எடுத்திருந்தேன். டிக்கெட்டில் தெளிவாக ‘வெள்ளி, 00:30’ என்று இருந்தது. என் மனம் அதை ‘வெள்ளிக்கிழமை இரவு பன்னிரண்டரை’ என்று படித்தது. திட்டமும் அப்படியே அமைந்தது. வியாழன் இரவு காசின்சி தெருவில் உள்ள ஸிம்ப்லா கெர்ட்டுக்குப் போனேன். இடிபாடான பழைய கட்டடங்களுக்குள் மதுக்கூடம் நடத்தும் புடாபெஸ்ட் வழக்கத்துக்குப் பெயர் வாங்கித் தந்த இடம் அது. முற்றத்தில் கூரை நீக்கிய ஒரு பழைய ட்ராபன்ட் காரை இருக்கையாக்கி வைத்திருப்பார்கள். அதில் உட்கார்ந்து, நான்கு நாட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டு, நள்ளிரவைத் தாண்டினேன். நான் ஏற வேண்டிய பேருந்து சரியாக அந்த நேரத்தில்தான் நகரைவிட்டுப் புறப்பட்டது.

எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் நிம்மதியாகக் கழிந்தது. காலையில் செச்சேனி வெந்நீர்க் குளங்கள். மதியம் லாங்கோஷ். எண்ணெயில் பொரித்த அந்த மாவு அப்பத்தின் மேல் பூண்டுச் சாறும் புளித்த பாலேடும் துருவிய பாலாடைக்கட்டியும் போட்டுத் தருவார்கள். இரவு பதினொன்றுக்கு ஹாஸ்டலில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு, மெட்ரோவின் மூன்றாம் பாதையில் நேப்லிகெட் நிலையத்துக்குப் போனேன். பேருந்து வந்தது. ஓட்டுநர் என் கைபேசியை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் திரையில் தேதியைத் தட்டினார். பிறகு தன் கைக்கடிகாரத்தைத் திருப்பி, அதன் ஓரத்தில் இருந்த தேதிக் கட்டத்தைக் காட்டினார். சனிக்கிழமை பிறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அன்று பேருந்தில் இடமில்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். வார இறுதி என்பதால் ஒரு கட்டில்கூட மிச்சமில்லை. வரவேற்பறை சோபாவில் விடியும்வரை உட்கார்ந்துகொள்ளச் சொன்னார்கள். மறுநாள் பிற்பகல் பேருந்துக்கு முதல் டிக்கெட்டைப் போல மூன்று மடங்கு கொடுத்தேன். எல்லாவற்றையும்விட வலித்தது வேறு. சனிக்கிழமை நண்பகலுக்குக் கிராகோவின் அருகில் இருக்கும் வியலிச்கா உப்புச் சுரங்கத்தில் முன்பதிவு செய்திருந்தேன். 1978இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பெற்ற இடம் அது. பூமிக்கடியில் உப்பைக் குடைந்து ஒரு தேவாலயமே செதுக்கியிருக்கிறார்கள். அதன் சரவிளக்குகளில் தொங்கும் மணிகளும் உப்புதான். அந்தப் பயணத்தையே அதற்காகத்தான் வகுத்தேன். இன்றுவரை பார்க்கவில்லை.

கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. நம் மனம் நாளைத் தூக்கத்தால் பிரிக்கிறது, தூங்கி எழுந்தால்தான் அடுத்த நாள். கடிகாரமோ நள்ளிரவில் நாளை வெட்டிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் ஐந்தாறு மணி நேரத்தில்தான் மலிவான பேருந்துகளும் விமானங்களும் புறப்படுகின்றன. ஜப்பானியர்கள் இந்தக் குழப்பத்துக்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே சில மதுக்கூடங்களின் பலகையில் ‘18:00 – 26:00’ என்று இருக்கும். 26 மணி என்றால் அதே இரவின் பின்னிரவு இரண்டு மணி. பின்னிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் இப்படிக் குறிப்பிடுவதுண்டு. முதலில் பார்க்கும்போது விநோதமாகத் தோன்றும், ஆனால் மனிதர்கள் இரவை உணரும் விதம் அதுதான். மற்ற ஊர்களில் இந்த வசதி இல்லை. அந்த வேலையை நாமே செய்ய வேண்டும்.

நான் இப்போது செய்வது இது. டிக்கெட்டில் 00:00க்கும் 05:00க்கும் இடையில் ஒரு நேரம் தெரிந்தால், அதை அப்படியே நாட்குறிப்பில் எழுதுவதில்லை. ‘வியாழன் இரவு உணவுக்குப் பிறகு நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும்’ என்று எழுதுகிறேன். எந்த மாலையில் பையைக் கட்டுகிறேன் என்பதுதான் கேள்வி. பணம் கட்டும் முன் இந்த ஒரு வரியை எழுதிப் பாருங்கள், தவறு உடனே கண்ணில் படும். 23:30க்கு ஒரு பேருந்து, 00:30க்கு ஒரு பேருந்து என்று இரண்டு இருந்தால், சற்று விலை கூடினாலும் முதலாவதை எடுக்கிறேன்.

இதே தவறுக்கு உடன்பிறப்புகள் உண்டு. விமானம் 15ஆம் தேதி பின்னிரவு இரண்டு மணிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் 15ஆம் தேதிக்குப் படுக்கை எடுத்தால், அது அன்று பிற்பகல்தான் கிடைக்கும். அதுவரை வாசலில்தான். சரியாக 14ஆம் தேதிக்கே எடுத்தாலும் வேலை முடியவில்லை. பின்னிரவில் வருவேன் என்று முன்கூட்டியே எழுதாவிட்டால், வராதவர் என்று முடிவுகட்டி எல்லா இரவுகளையும் சேர்த்து ரத்துசெய்யும் விடுதிகள் உண்டு. பணமும் திரும்பாது. இரண்டு வரிச் செய்தி போதும். அதை எழுதாமல் விட்டுத் தெருவில் நின்றவர்களை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

விசா விஷயத்தில் இது இன்னும் கடுமையானது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் அதிகபட்சம் 90 நாட்கள் என்ற கணக்கில், நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாட்களாகவே சேரும். இரவு 23:50க்கு எல்லையைக் கடந்தால் அந்தப் பத்து நிமிடமும் ஒரு நாள். விசாவின் கடைசி நாள் 20ஆம் தேதி, விமானம் 21ஆம் தேதி 00:40 என்றால், குடியேற்றச் சோதனையை நள்ளிரவுக்கு எந்தப் பக்கத்தில் கடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது உங்கள் நிலை. அந்த வரிசையின் நீளத்தை நம்பி ஒரு பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

பசித்த பிறகு உணவகம் தேடுவது

ஸ்பெயினில் இரவு உணவுக்குப் பல சமையலறைகள் எட்டரை, ஒன்பது மணிக்குத்தான் திறக்கின்றன. பார்சிலோனாவுக்குப் புதிதாக வந்தவர் ஆறரைக்கே பசியோடு கிளம்புகிறார். அந்த நேரத்தில் திறந்திருப்பவை லா ராம்ப்லா தெருவில் படங்களோடு பலகை வைத்து, வாசலில் ஆள் நின்று அழைக்கும் கடைகள்தான். சூடுபடுத்திய பயெல்லாவைச் சாப்பிட்டுவிட்டு, “ஸ்பெயின் உணவு இவ்வளவுதானா” என்று கேட்டவர்களோடு நான் பேசியிருக்கிறேன். அந்த உணவுக்கு இழைத்த அநியாயம் அது. மதிய உணவைப் பெரியதாக்குங்கள். வேலைநாட்களில் ‘மெனு தெல் தியா’ என்று கேளுங்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, ஒரு பானம், இனிப்பு எல்லாம் ஒரே விலையில் வரும். பக்கத்து மேசையில் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இரவுக்கு நின்றபடி தபாஸ் எனும் சிறு தட்டுகள் இரண்டு போதும்.

லிஸ்பனில் உட்கார்ந்த உடனே ரொட்டியும் ஆலிவும் பாலாடைக்கட்டியும் மேசைக்கு வந்துவிடும். கேட்காமல் வந்ததால் இலவசம் என்று நினைக்க வேண்டாம். சாப்பிட்டால் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் புன்னகையோடு திருப்பி அனுப்பலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. இத்தாலியில் காப்பியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. பாங்காக்கின் யாவராட் தெருவில் சாப்பிடுவதற்காகவே போகிறீர்கள் என்றால் திங்கட்கிழமையைத் தவிருங்கள். தெருக்கடைகளில் பெரும்பாலானவை அன்று இருக்காது.

கார்டு இயந்திரத்தில் உங்கள் நாட்டு நாணயத்தைத் தேர்வது

அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். பணம் எடுக்கும் இயந்திரம் தன் மாற்று விகிதத்தைக் காட்டி ஒப்புதல் கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் பணம் வரும். அங்கே மறுப்பது மாற்று விகிதத்தை மட்டும்தான், உங்கள் வங்கி தன் விகிதத்தில் கணக்கிட்டுக்கொள்ளும். பணமே வராமல் போய்விடுமோ என்று பயந்து ஒப்புதல் பொத்தானை அழுத்துகிறவர்கள்தான் அதிகம்.

தெருவில் ஐந்து நிமிடத்துக்கு முன் அறிமுகமானவர் அழைக்கும் மதுக்கூடம்

போகாதீர்கள்.

திரும்பும் வழி தெரியாமல் இரவில் கிளம்புவது

டோக்கியோவில் கடைசி ரயில் நள்ளிரவையொட்டிப் போய்விடும். அடுத்தது காலை ஐந்து மணியளவில்தான். ஷிபுயாவில் பதினொன்றரைக்கு மக்கள் திடீரென்று எழுந்து வேகமாக நடப்பதைப் பார்த்தால் இது புரியும். அங்கே இரண்டே முடிவுகள்: அந்த ரயிலைப் பிடிப்பது, அல்லது விடியும்வரை இருப்பது. நடுவில் ஒரு மணிக்குக் கிளம்ப நினைத்தால் டாக்சிக் கட்டணம் ஒரு நாள் செலவை விழுங்கிவிடும். லண்டனில் வெள்ளி, சனி இரவுகளில் சில சுரங்க ரயில் பாதைகள் மட்டும் விடிய விடிய ஓடுகின்றன. 2016இல் தொடங்கிய ஏற்பாடு அது. எல்லாப் பாதைகளும் அப்படி என்று நம்பிவிடக் கூடாது. புடாபெஸ்டில் ஆறாம் எண் டிராம் இரவு முழுவதும் உண்டு. சிங்கப்பூரில் ரயிலோடு இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 2015 முதல் இரவு பத்தரைக்குப் பிறகு பொது இடங்களில் மது அருந்தத் தடை. ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து போத்தலைத் திறக்கும் பழக்கம் அங்கே செல்லாது.

பிராகில் மெட்ரோ நள்ளிரவில் நின்றுவிடும், வெள்ளி, சனிக்கிழமைகளில் மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடும். அதற்குப் பிறகு தொண்ணூற்றுச் சொச்ச எண்களைக் கொண்ட இரவு டிராம்கள். ஏறக்குறைய எல்லாமே லசார்ஸ்கா என்ற நிறுத்தத்தில் சந்திக்கும். ஃப்ளோரென்சில் நின்ற மூவரையும் அங்கேதான் அழைத்துப் போனேன். காலை ஆறு மணிப் பேருந்தில் மூன்று இடம் இருந்தது. கைபேசியிலேயே பணம் கட்டும் முன், எந்த இரவு, எந்த விடியல் என்று அந்தப் பெண் என்னிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு அவர்கள் போக வேண்டிய ஊரில் அன்றைய படுக்கையை ரத்துசெய்துவிட வேண்டாம் என்று கேட்டு, விடுதிக்கு இரண்டு வரி எழுதினோம். டிராம்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று போய்க்கொண்டிருந்தன. பதில் வர இருபது நிமிடம் ஆனது. படுக்கை இருக்கிறது, மெதுவாக வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள்.