மேல்வயிற்று நோ விடாமல் நிற்கிறதா? ஒரு கொப்பியை எடுங்கள்

நெஞ்சுக்குழிக்குக் கீழே நொந்தால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் எல்லோரும் சொல்வது ஒரே சொல்: 'கஸ்ரிக்'. பாமசியில் இரண்டு குளிசை, வீட்டில் கொஞ்சம் ஓமத்தண்ணீர், அத்தோடு சரி. ஒருநாள் நோவுக்கு அது போதும். கிழமைக்கணக்கில் நிற்கிற நோவுக்கு இப்படிச் செய்யுங்கள்.

1. முதலில் அவசரமா என்று பாருங்கள். நோவோடு வியர்த்துக் கொட்டினால், மூச்சு முட்டினால், தாடைக்கோ கைக்கோ பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவுக்காரர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரத்தமாகச் சத்தி எடுத்தாலும், மலம் தார் போலக் கறுத்தாலும், வயிறு பலகை போல இறுகினாலும் காத்திருக்க வேண்டாம். 1990 இற்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

2. அவசரம் இல்லையா? சரி, வைத்தியரைக் காணும்வரை நோ எங்கே, எப்போது, என்ன சாப்பிட்ட பிறகு வருகிறது என்று கொப்பியில் எழுதுங்கள். வெறும் வயிற்றில் எரிந்து, சாப்பிட்டதும் தணிந்தால் குடற்புண்ணாக இருக்கலாம். படுத்ததும் புளித்தண்ணீர் தொண்டைக்கு ஏறினால் அமிலம் மேலே வருகிறது. பொரியலும் இறைச்சியும் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டைக்கு ஏறினால் பித்தப்பைக் கல்லைச் சந்தேகிப்பார்கள். முதுகுவரை ஊடுருவி, முன்னால் குனிந்தால் சற்று இளகும் நோ கணையத்தில் இருந்து வரலாம்.

3. வீட்டில் இருக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இந்தப் படியை யாரும் தவறவிடக் கூடாது. என் அம்மாவுக்கு முழங்கால் நோ. கந்தசஷ்டி விரதத்திலும் ஒரு பிளேன்ரீயோடு டைக்ளோபினாக் என்ற நோக்குளிசையைப் போட்டுவிடுவார். வயிற்று நோவுக்காக மூன்று மாதம் உறைப்பைக் குறைத்துக் கறி வைத்தோம், பலன் இல்லை. வைத்தியர் பையை மேசையில் கவிழ்த்து, பாதி தீர்ந்த அந்த அட்டையை மட்டும் விரலால் தனியே தள்ளி வைத்தார். வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும் மருந்து அது. அஸ்பிரினும் அப்படித்தான், ஆனால் இதயத்துக்கு அதை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

4. கிருமிப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். புண்ணுக்கு உறைப்பும் கவலையும்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1982இல் அவுஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் புண்ணை உண்டாக்கும் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய்த்தூள் எரிவைக் கூட்டும், புண்ணை உண்டாக்காது. மூச்சு, மலப் பரிசோதனைக்கு முன் அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் குளிசையை இரண்டு கிழமை நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். கிருமி இருந்தால் தரும் மருந்தைப் பாதியில் விடாதீர்கள்.

5. நிறை குறைகிறதா, விழுங்கக் கஷ்டமா, சத்தி ஓயவில்லையா? அப்படியென்றால் வாய்வழியே குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போட வேண்டாம். குழாய் உள்ளே போகும் அந்தச் சில நிமிடம் குமட்டும், அவ்வளவுதான்.

6. ஓமெப்ரசோல் தந்தால் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போடுங்கள். இராச்சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். சிகரெட்டும் சாராயமும் வேண்டாம். கொப்பியை மட்டும் மூடாதீர்கள். அடுத்த முறை வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.