குவாரி மீது புகார் மனு எழுதும்போது செய்யக்கூடாத தவறுகள்

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கிராவல் குழி, கல் குவாரி பற்றி மனு எழுதுகிறவர்கள் அதை என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போவார்கள். அவற்றில் பாதி, நாங்கள் அந்தக் காலத்தில் எழுதித் தோற்ற அதே மனுக்கள். தேதி போடுங்கள், நகல் வையுங்கள், ரசீது வாங்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வீடு இருக்கும் மாநிலத்தில் மனு கொடுப்பது

குழி எங்கேயோ, மனுவும் அங்கே. தூசி கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் வந்து விழுந்தாலும், தோண்டுவது கோவை மாவட்டத்துப் புல எண்ணில் என்றால் கோவை ஆட்சியருக்கும் அங்குள்ள கனிமவளத் துறைக்கும்தான் எழுத வேண்டும். குழி கேரளத்தில் என்றால் தமிழிலேயே எழுதலாம். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தருகிறது. டிடிபி சென்டரில் மலையாளத்தில் எழுதி வாங்கி, சர்வே நம்பரே மாறிப்போன மனுவைப் பார்த்திருக்கிறேன்.

"அனுமதி இல்லாத குவாரி" என்று எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அனுமதி இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? லாரி ராத்திரியில் ஓடுகிறது, குழி பயங்கரமாக இருக்கிறது, அதனால் அனுமதி இருக்காது என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடுகிறீர்கள்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் சரி, அரசின் 1100 புகார் எண்ணுக்கு அடித்தாலும் சரி, மனு கடைசியில் வந்து சேர்வது மாவட்டக் கனிமவளத் துறை மேசைக்கு. அங்கே முதலில் திறப்பது கோப்பை. குத்தகை ஆணை இருக்கிறதா? இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி? அதுவும் இருக்கிறது. "மேற்படி குவாரி உரிய அனுமதியுடன் இயங்கி வருகிறது" என்று ஒரு வரி, மனு முடிந்தது. பதில் எழுதியவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்கு அதுதான் பதில். அடுத்து எத்தனை மனு போட்டாலும் "ஏற்கெனவே பதில் அளிக்கப்பட்டுள்ளது".

வேலந்தாவளத்துக்குக் கிழக்கே ஒரு குழி. பக்கத்துத் தோட்டத்து வேலியே சரிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஊரே கையெழுத்துப் போட்டு இப்படி ஒரு மனு கொடுத்து, இதே பதிலை வாங்கிக்கொண்டது. பெரியவர் ஒருவர், "ஏனுங்க, எல்லாரும் காசு வாங்கிட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்று முடித்துக்கொண்டார். வேலிக்குச் சொந்தக்கார அம்மா விடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, குத்தகை ஆணையும் சுரங்கத் திட்டமும் வாங்கினார். பட்டா நிலத்தை ஒட்டி 7.5 மீட்டர் தோண்டாமல் விடவேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. தன் எல்லைக்கல்லில் டேப்பை வைத்துப் பிடித்தார். இரண்டு மீட்டர்கூட இல்லை.

அவருடைய மனு ஒரே பத்தி: புல எண், விடவேண்டிய தூரம், இப்போது இருக்கும் தூரம், அளந்து கொடுங்கள். இதற்குக் கோப்பைப் பார்த்துப் பதில் எழுத முடியாது. சர்வேயர் வந்தார், அபராத நோட்டீஸும் போனது. ஆனால் முதல் மனு தின்ற மாதங்களில் அந்தப் பக்கத்துக் கிராவல் முழுக்க லாரி ஏறிவிட்டது.

ஆகவே முதலில் காகிதத்தை வாங்குங்கள். எவ்வளவு ஆழம், கல்லுக்கு எத்தனை கனமீட்டர், கிராவலுக்கு எத்தனை, எந்தத் தேதிவரை என்று எல்லாம் அதில் இருக்கும். சுற்றுச்சூழல் அனுமதியை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடலாம். நிபந்தனைகளைக் கடைப்பிடிப்பதாகக் குவாரிக்காரர் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை கொடுக்க வேண்டும். வேலி போட்டாச்சு, மரம் நட்டாச்சு என்று அதில் இருந்தால், அந்த இடத்தில் போய் நின்று படம் எடுங்கள்.

300 மீட்டரை நம்பி உட்கார்ந்திருப்பது

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்பது தமிழ்நாட்டு 1959 சிறு கனிம விதிகளில் உண்டு. ஆனால் அங்கே குடியிருப்பு என்றால் வருவாய்ப் பதிவேட்டில் இருக்கும் ஊர், வீட்டுமனை, அல்லது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு. தோட்டத்துக்குள் தனியாக நிற்கும் உங்கள் வீட்டை அதில் சேர்க்க மாட்டோம் என்பார்கள். பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எல்லாக் குறையையும் ஒரே மனுவில் கொட்டுவது

கிரஷர் தூசி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. வெடி அதிர்வு மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கு. நடைச்சீட்டு (கனிமம் ஏற்றிப்போக அனுமதிச் சீட்டு) இல்லாத லாரி கனிமவளத் துறைக்கு. மூன்றையும் சேர்த்து எழுதினால் ஆளுக்கொரு வரியைக் காட்டி "எங்கள் வரம்பில் இல்லை" என்று தள்ளிவிடுவார்கள். வெடிக்கு நாளும் நேரமும் வேண்டும். "அடிக்கடி வெடிக்கிறார்கள்" என்பதை வைத்து யாரும் எதையும் சரிபார்க்க முடியாது.

எல்லைக்கல் தெரியாத வீடியோ

எந்தக் குழிக்கும் பொருந்தும்.

நேராக மாஜிஸ்திரேட்டிடம் போவது

1957 கனிமச் சட்டம், பிரிவு 22. அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்தில் புகார் கொடுக்காமல் அந்தச் சட்டப்படி வழக்கை எடுக்க மாட்டார்கள்.

பதில் வரட்டும் என்று காத்திருப்பது

சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இரண்டு மாநிலத்துக்கும் பொது. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். சுற்றுச்சூழல் அனுமதியையே எதிர்ப்பதென்றால் 30 நாள், அதற்கு மேல் 60 நாள், அவ்வளவுதான். ஆட்சியரிடம் மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. மனு கொடுக்கும் அன்றே இந்தக் கெடுவையும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.