மேக்ரோ மாறிலிகளில் தவறு எங்கே நேர்கிறது?

சி நிரல் மொழியில் #டிஃபைன் என்று மேக்ரோ எழுதும்போது நாம் மாறி எதையும் உருவாக்குவதில்லை. இந்தப் பெயர் வருமிடத்தில் எல்லாம் இந்த வாசகத்தை வை என்று முன்செயலிக்கு (கம்பைலர் வேலையைத் தொடங்கும் முன் நிரல் வாசகத்தை மாற்றித் தரும் பகுதிக்கு) சொல்கிறோம், அவ்வளவே. அப்படி மாற்றி வைக்கும்போது அது கணக்குப் போடுவதும் இல்லை, இலக்கணம் பார்ப்பதும் இல்லை. (கீழே உள்ள நிரல் வரிகளைப் படிக்க எளிதாக இருக்கத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.)

முதலில் இதை எழுதுங்கள்:

#டிஃபைன் அளவு 50;
மொத்தம் = அளவு + 1;

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரை -ஈ என்ற தேர்வோடு இயக்கினால், முன்செயலி மாற்றித் தந்த நிரல் அப்படியே திரையில் வரும். அதில் இரண்டாம் வரி இப்படி இருக்கும்:

மொத்தம் = 50; + 1;

இது பிழையற்ற சி நிரல் என்பதுதான் ஆபத்து. கம்பைலர் தடுக்காது, மொத்தத்தில் 51க்குப் பதிலாக 50 இருக்கும். அதே பெயரை ஓர் அணியின் (ஒரே வகை மதிப்புகளின் வரிசையின்) அளவாகக் கொடுத்திருந்தால் உடனே பிழை காட்டியிருக்கும். எனவே #டிஃபைன் வரியின் முடிவில் அரைப்புள்ளியும், பெயருக்குப் பின் சமக்குறியும் வேண்டாம்.

அடுத்து, அகலம் என்பதை 10 + 5 என்று வரையறுத்து, 2 * அகலம் எவ்வளவு என்று பாருங்கள். 2 * 10 + 5 என்று விரிவதால் 30 வராது, 25 வரும். (10 + 5) என்று அடைப்புக்குறிக்குள் எழுதினால் சரியாகிவிடும்.

அடைப்புக்குறியும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறு கணினிப் பலகையில், முழு எண்ணுக்கான இன்ட் வகை 16 பிட். அதன் உச்ச மதிப்பு 32,767. அங்கே ஒரு நிமிடத்தை (60 * 1000) என்று வரையறுத்தால், இரண்டு எண்களும் இன்ட் என்பதால் பெருக்கலும் இன்ட்டிலேயே நடந்து, எல்லை மீறி, வழக்கமாக -5536 ஆகிவிடும். குறியற்ற 32 பிட் எண்ணை எதிர்பார்க்கும், நிரலைக் காத்திருக்க வைக்கும் டிலே செயற்கூறு அதை 4294961760 மில்லிவினாடி என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நிமிடம் நிற்க வேண்டிய நிரல் 49 நாட்களுக்கு மேல் நின்றுவிடும். 60யூஎல் * 1000யூஎல் என்று, குறியற்ற 32 பிட் எண் எனக் காட்டும் பின்னொட்டுச் சேர்ப்பதே தீர்வு.

எண்ணின் முன்னே அழகுக்காகச் சுழியம் வைக்காதீர்கள்; அப்படி வைத்தால் அது எட்டடிமான எண்ணாகிவிடும், 010 என்றால் எட்டு. மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயரை முன்செயலி தொடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சி++ மொழியில் கான்ஸ்ட்டும், சி23 தரத்தில் கான்ஸ்டெக்ஸ்பரும் வகை அறிந்த மாறிலிகளைத் தருகின்றன. ஒரு செயற்கூறுக்குள் அறிவித்தால் அவை அதற்குள்ளேயே அடங்கும். மேக்ரோவோ நீக்கப்படும் வரை, இல்லையேல் கோப்பு முடியும் வரை, எல்லா வரிகளிலும் புகுந்துகொண்டே இருக்கும்.