பி.காம். முடித்து அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகிறீர்களா? முதல் மாதத்துக்கு ஒரு செய்முறை

கல்லூரிக் கேள்வித்தாளில் எல்லாம் தயாராக இருக்கும்: "ராமுவிடம் கடனுக்குச் சரக்கு வாங்கியது ரூ.10,000." பற்று எது, வரவு எது என்று எழுதினால் மார்க். ஆபீஸில் அந்த வரியை யாரும் எழுதித் தருவதில்லை. கசங்கிய பில் ஒன்று மேஜைக்கு வரும். கேள்வியையே அதிலிருந்து நாம்தான் எடுக்க வேண்டும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தபோது நான் தடுமாறிய இடம் இதுதான். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலி என்னவோ ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது.

படி 1: சேரும் நாள்

ஆதார், பான், பேங்க் பாஸ்புக் நகல்கள் போதும். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பிஎஃப் பிடித்தால் யுஏஎன் எண்ணை (பிஎஃப் கணக்குக்கான உங்கள் அடையாள எண்) கேட்டுக் குறித்து வையுங்கள்; அடுத்த வேலைக்குப் போனாலும் அதே எண்தான்.

படி 2: பில்லைப் படியுங்கள், பிறகு கீபோர்டைத் தொடுங்கள்

கோயம்புத்தூர் மில்லிலிருந்து காட்டன் நூல் வந்திருக்கிறது, 1,05,000 ரூபாய் பில். முதலில் நம் கம்பெனி பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் சரியா என்று பாருங்கள். அடுத்து மில்லின் எண். 15 இலக்கத்தில் முதல் இரண்டு 33 என்றால் தமிழ்நாடு. அப்படியானால் சரக்கு மதிப்பு 1,00,000, சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 2,500, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 2,500 என்று பிரிந்திருக்க வேண்டும். இதே நூல் கேரளாவிலிருந்து வந்தால் எண் 32-இல் தொடங்கும். வரி 5,000 முழுதும் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜிஎஸ்டி. இதெல்லாம் சரியாக இருந்தால் டேலியில் எஃப்9 அழுத்தி பர்ச்சேஸ் என்ட்ரி போடுங்கள்.

பில் நம்பரை விடாமல் ஏற்றுங்கள். நான் ஒருமுறை அதை விட்டுவிட்டேன். லாரியோடு வந்த நகலுக்கு ஒரு என்ட்ரி, பிறகு கூரியரில் வந்த ஒரிஜினலுக்கு இன்னொன்று. பார்ட்டிக்கு (சரக்கு விற்றவருக்கு) இரண்டாம் முறை செக் எழுதும்போது சீனியர் அண்ணன்தான் பிடித்தார். "தம்பி, பில் நம்பர் இல்லாம என்ட்ரி போடாதப்பா" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. அன்றிலிருந்து என்ட்ரி போட்ட பில்லில் டேலியில் அந்த என்ட்ரிக்கு விழும் வவுச்சர் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுவேன். நீங்களும் செய்யுங்கள்.

படி 3: பேங்க் கணக்கை ஒத்துப் பாருங்கள்

பரீட்சைக்குப் படித்த பிஆர்எஸ்தான் (பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் நம் புத்தகத்தையும் ஒப்பிடுவது). மாதக் கடைசிக்குக் காத்திருக்காமல் வாராவாரம் பாருங்கள். நம் புத்தகத்தில் இருப்பு 2,84,600. ஸ்டேட்மென்ட்டில் 2,96,128. பயப்பட வேண்டாம், வரிவரியாக டிக் அடியுங்கள். நாம் கொடுத்த 12,000 ரூபாய் செக்கைப் பார்ட்டி இன்னும் பேங்கில் போடவில்லை. பேங்க் தன் கட்டணமாக 472 எடுத்திருக்கிறது, அதை நாம் எழுதவில்லை. 12,000-இல் 472 கழித்தால் 11,528, வித்தியாசம் அதேதான். அந்த 472-இலும் 400 கட்டணம், 72 ஜிஎஸ்டி. பிரித்து எழுதினால் 72-க்கு வரி கிரெடிட் எடுக்கலாம், அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்.

எதிலும் பிடிபடாத வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், 5,400-ஐ 4,500 என்று இலக்கம் மாற்றி அடித்தீர்களா என்று தேடுங்கள். என்னை இது பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

படி 4: தேதிகள்

மாதாமாதம் தாக்கல் செய்யும் கம்பெனி என்றால், மாதத்தின் கடைசித் தேதிகள் இவை: 7 டிடிஎஸ் (நாம் பிடித்துக் கட்டும் வருமான வரி), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில்களின் விவரம்), 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி (மாத ஜிஎஸ்டி கணக்கும் வரியும்). கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள்.

இடையில் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வரும்; நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல் அது. நாம் வாங்கிய பில்கள் அதில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இல்லாத பில்லுக்கு அந்த மாதம் வரி கிரெடிட் எடுக்க முடியாது. உடனே பார்ட்டிக்கு போன் போடுங்கள். "சார், உங்க பில் 2பி-யில காட்டல, ஜிஎஸ்டிஆர்-1 போட்டாச்சா, இல்ல மூணு மாசத்துக்கு ஒருமுறை போடுறீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். அவர் சொன்ன பதிலைத் தேதியோடு அந்தப் பில்லின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.